கழி

பின்லாந்தின் வடக்கே, இவாலோவில்
டிசம்பர் வந்தால் சூரியன் விடுப்பில் போய்விடும்.
நான் போக முடியாது.
நகராட்சியின் பனிவாரி வண்டி, எண் ஏழு,
விடியாத விடியலில், மூன்றே முக்காலுக்கு
என்னைக் கேட்கும்.

பத்து மணிக்கு வீடு.
கையுறையை அடுப்பின்மேல் எறிந்துவிட்டுத்
தறியில் உட்காருவேன்.
சமையலறையில் தறி வைத்திருக்கிறாயே என்பார்கள்.
இல்லை, தறிக்குள்ளேதான்
ஓர் ஓரமாய்ச் சமையலறை.

இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு திட்டம்:
தெற்குச் சாலையை நெய்வது.
நண்பகலில் முக்கால் மணி நேரம்
அதன்மேல் வந்து படுக்குமே ஒரு நீலம்,
அதையும் சேர்த்து.

வெள்ளைக்குக் குறைவில்லை.
சாயம் காணாத கம்பளி, பாலேட்டின் நிறம்.
வெளுத்த லினன், பல் மருத்துவரின் சுவர்.
பருத்தி, கொஞ்சம் மஞ்சள் ஒட்டியது,
பொய் சொல்லத் தெரியாதது.
கிழித்த படுக்கைவிரிப்பு ஒன்று,
அதன் மூலையில் என் முதல் கல்யாணத்தின்
பூவேலை எழுத்து இரண்டு.
"சாலைதான் வெள்ளை, ஹெல்கா, வீட்டிலுமா?"
என்றான் பட்டறையில் சங்கிலி மாட்டும் உர்போ.

நீலத்துக்குத்தான் அலைந்தேன்.
சவுனா அறையில் அவுரித் தொட்டி வைத்து
இரண்டு வாரம் நீச்சல் குளத்தில் போய்க் குளித்தேன்.
முதல் கழி, நோயாளியின் நரம்பாய் வெளிறியது.
இரண்டாவது, பள்ளிப் பையனின் ஜீன்ஸ்.
மூன்றாவது பச்சை. ஏன் பச்சை?
அவுரிக்கும் தெரியாது.
கதவுக் கொக்கியில் மூன்றையும் மாட்டினேன்.
போகும்போதும் வரும்போதும்
தோளில் தட்டிக் கேட்டன, என்ன ஆச்சு என்று.

நீலம் இல்லாமலே பாவு ஏற்றினேன்.
வெள்ளைப் பாவில் வெள்ளை ஊடை.
மிதி, எறி, அடி. மிதி, எறி, அடி.
நாலாம் நாள் தெரிந்தது:
ஒன்பது விரற்கடைக்கு முன்பே
ஓர் இழை அறுந்து தொங்கியிருக்கிறது.
வலது கரை வேறு உள்வாங்கி,
வளைவில் பள்ளத்துக்குச் சரியும் லாரியைப் போல.
வெள்ளைக்குள் வெள்ளை ஓட்டினால்
கரை எங்கே என்று
கண்ணுக்கு யார் சொல்வது?

சாலையில் இதற்கு வழி உண்டு.
அக்டோபரில், மண் இறுகுமுன்,
ஓரமெங்கும் கழி நட்டுவிடுவோம்.
பனி எதை மூடினாலும் அது நின்று சொல்லும்:
இதுவரை நீ, இதற்கப்பால் ஏரி.

ஒன்பது விரற்கடையையும் பிரித்தேன்.
கிழிந்த வேலைச்சட்டை ஒன்று கிடந்தது,
கண்ணைக் குத்தும் ஆரஞ்சு, டீசல் வாசனையோடு.
அதை இழை இழையாய்க் கீறி
இரண்டு கரையிலும்
சாணுக்கு ஒன்றாய் வைத்து நெய்தேன்.
அழகுக்கு இல்லை.
பள்ளத்தில் விழாமல் இருக்க.

ஒரு சாண் ஏறியது. இரண்டு.
காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு
வாசல் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தால்
ஆரஞ்சை அடுத்த வெள்ளை
நீலமாக இருந்தது.

கிட்டே போனேன், வெள்ளை.
பின்னால் வந்தேன், நீலம்.
விளக்கை மாற்றினேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
கெட்டில் கத்திக்கொண்டே இருந்தது.
தொட்டியில் ஊறாத நீலம்,
காசு கொடுக்காத நீலம்,
ஆரஞ்சுக்கு எதிரே உட்காரவைத்ததும்
தானே முகம் மாறிய வெள்ளை.

திங்கள்கிழமை உர்போ வந்தான்.
"நீலநூல் எங்கே வாங்கினாய்?"
கொக்கியைக் காட்டினேன்.
நம்பவில்லை. பச்சைக் கழியைத் தடவி,
"இதில் எனக்கொரு தொப்பி வருமா?" என்றான்.
வரும், அசிங்கமாக வரும் என்றேன்.
"பரவாயில்லை, ஹெல்மெட்டுக்கு உள்ளேதானே."

இன்றும் மூன்றே முக்கால்.
பாதி நெய்த சாலையை விட்டுவிட்டு
முழுச் சாலைக்குப் போகிறேன்.
நாடா இழைகளுக்கு நடுவில் படுத்திருக்கிறது.
முகப்பு வெளிச்சம் பட்டதும்
ஒவ்வொரு கழியாய் எழுந்து நிற்கிறது.
பக்கத்துப் பனி என்ன நிறம் என்று
இருட்டில் கேட்கக் கூடாது.
பன்னிரண்டு மணிக்குக் கேட்கிறேன்.