பத்தடி மண்

பாயா தெருபோங்கில் பனி பெய்வதில்லை.
ஆனாலும் கேமரன் மலையிலிருந்து வந்த ரோஜாவின் கழுத்தில்
ஒரு மஞ்சள் அட்டை தொங்குகிறது:
‘உறைபனி படாமல் காக்கவும்.’
எந்த ஊருக்கோ யாரோ அச்சடித்தது.
நான் கழற்றவில்லை.
எதிலிருந்தாவது காக்கச் சொல்கிறதே.

வாங்கியது மார்ச்சில்.
ஜூனில் சாவி என்றார்கள்.
பத்து காவானில் மூலை வீடு, பக்கவாட்டில் பத்தடி மண்.
குணாளன் அதைப் பாதம் வைத்து அளந்து
கறிவேப்பிலை இங்கே, நந்தியாவட்டை அங்கே என்று
செங்கல் துண்டால் கோடு கிழித்தார்.
ஜூன் போனது. செப்டம்பர் என்றார்கள்.
கோட்டின் மேல் இந்நேரம் லாலாங் முளைத்திருக்கும்.

இப்போது அக்டோபர்.
மூன்று மணிக்கெல்லாம் மலைப்பக்கம் கறுக்கிறது.
பதினோராம் மாடி நடைபாதையில், சுவரோரம்,
ஏழு கறுப்புப் பைகள்,
பேருந்து தாமதமானதை யாரும் சொல்லாத பயணிகள் மாதிரி.

மண்ணில் இறங்கிய வேருக்கு
பூமி முழுவதும் போர்வை.
பையில் இருக்கும் வேருக்கு
என் நகத்தின் கனம்கூட இல்லாத பிளாஸ்டிக்.
இலை நனைந்தால் உலர்ந்துவிடும்.
வேர் ஊறினால் மேலே ஒன்றும் தெரியாது,
உள்ளே அழுகும்.
மல்லிகை அப்படித்தான் போனது.
எனக்குத் தெரிந்த அன்று
அது பூத்துக்கொண்டிருந்தது.

மிச்சம் ஆறையும் தோளோடு தோள் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.
காற்று வரும் பக்கம் நந்தியாவட்டை, அது முரடு.
நடுவில் ரோஜா.
அடியில் செங்கல். தட்டு வைக்கவில்லை;
தண்ணீர் நின்றால் சுகாதார இலாகா சம்மன் எழுதும்.
எங்களுக்கே இன்னும் கிடைக்காத சாவியை
கொசுவுக்குக் கொடுப்பானேன்?
முதுகில் தொழிற்சாலைப் பெயர் போட்ட
குணாளனின் பழைய மழைக்கோட்டைக் கம்பியில் இழுத்துக் கட்டினேன்.
கீழ்த்தளத்து ரோஸ்னானி போன் செய்தாள்:
‘உங்கள் மாடியில் யாரோ ரொம்ப நேரமாகச் சாய்ந்து நிற்கிறார்கள்,
போய்ப் பார்.’

நிர்வாகம் கதவில் காகிதம் ஒட்டியது.
நடைபாதையில் பொருள் வைக்கக்கூடாது. பதினான்கு நாள் தவணை.
‘இவை பொருள் அல்ல’ என்று எழுதி அடித்தேன்.
‘ஜனவரி வரை’ என்று எழுதினேன்.
பிறகு ஜனவரியையும் அடித்தேன்.

அந்த இரவு மழை கீழிருந்து மேலே பெய்தது.
மின்சாரம் இல்லை. குணாளன் பாயான் லெப்பாஸில் இரவு வேலை.
மழைக்கோட்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மறுகையை வீசிக்கொண்டிருந்தது.
கவிஷாவைப் பாயோடு அறைக்குள் இழுத்துவிட்டு
ஒவ்வொரு பையாகக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.
செம்மண் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.
ஒரு மரவட்டை, நிதானமாக,
சோபாவுக்கு அடியில் குடிபோனது.

ஐந்து வந்துவிட்டது.
கறிவேப்பிலை வரவில்லை.

இழுத்தேன். பை கிழிந்தது, அது அசையவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தால்,
பையைத் துளைத்து, செங்கல் இடுக்கில் இறங்கி,
சாக்கடை ஓரத்துச் சிமெண்டு விரிசலுக்குள்
சுண்டுவிரல் தடிமனில் வேர்.
எப்போது போனதோ.
நான் சாவியைப் பற்றி யாரிடமோ
போனில் கத்திக்கொண்டிருந்த ஏதோ ஒரு மாதத்தில்.

அதை அங்கேயே விட்டுக் கதவைச் சாத்தினேன்.
தூங்கவில்லை.

ஏழரைக்குக் குணாளன் வந்தார்.
காலணியைக் கழற்றி, சேற்றில் நின்று,
நந்தியாவட்டையிலிருந்து தொலைக்காட்சி வரை
பாதத்தோடு பாதம் வைத்து நடந்தார்.
‘பத்தடி வராது’ என்றார்.
சிரிப்பதா என்று தெரியாமல் துடைப்பத்தை நீட்டினேன்.

வெளியே கறிவேப்பிலை
பாதி இலை உதிர்ந்து நின்றது.
போகும்போது அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.
அதை இன்று பேசவில்லை.
ஒரு கொத்து ஒடித்து வந்து
சட்டினிக்குத் தாளித்தேன்.