இதர பொருள்கள்

நெல்லியூருணி ஊராட்சியை
மாநகராட்சியோடு சேர்ப்பது குறித்த
கருத்துக்கேட்புக் கூட்டம்
காலை பதினோரு மணிக்கு
திருமண மண்டபத்தில் நடந்தது.
குறிப்பு எழுதியவள் நான்.
முடிவு முந்தின நாளே தட்டச்சாகி வந்துவிட்டது:
ஏகமனதாக.
எனக்கு விட்டிருந்தது
அதற்கு மேலே நிரப்ப ஒன்றரைப் பக்கம்.

முன்வரிசை நாற்காலிகளின் முதுகில்
'பங்குதாரர்' என்று ஒட்டியிருந்தார்கள்.
பங்கு என்பது இந்தப் பக்கம் லேசான சொல் அல்ல.
எதிரே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு
முப்பத்தொரு பங்கு.
முகப்பு ஓடு மாற்ற
ஈப்போவிலிருந்து ஒரு கையெழுத்து வராமல்
நாலு வருஷத்து மழை உள்ளே பெய்துவிட்டது.
கல்யாணம் ஆனால்தான் கோயிலில் ஒருவன் புள்ளி.
புள்ளி என்றால் வரி உண்டு,
வரி கட்டினால் கேட்க வாய் உண்டு.
இதெல்லாம் தெரிந்த சீமையில்
பசை காயாத காகிதத்தில்
பங்குதாரர்.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் திரை விரித்தார்.
கடலுக்கு அப்பால் நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று.
சேர வேண்டி வாசலில் நிற்கும் நாடுகளிடம்
அத்தியாயம் அத்தியாயமாகக் கேள்வித்தாள் கொடுப்பார்களாம்.
வட்டார வளர்ச்சிக்கு என்று ஓர் அத்தியாயம்.
பணம் வருமுன்னே
மேயர், தொழிற்சங்கம், உழவர், பெண்கள்
எல்லோரையும் ஒரே மேசைக்கு
அழைத்திருக்க வேண்டும்.
"அழச்சோம்னு எழுதுனாப் போதுமா சார்?"
கண்மாய்ப் பாசனச் சங்கத்துச் சேவுகன் அம்பலம் கேட்டார்.
ஆலோசகர் சிரித்தார்.
அடுத்த படம்.

விடுதி மேலாளருக்குக் குப்பை வண்டி வேண்டும்.
நாகூர்கனி ராவுத்தர்
கடைக்கு வரி எவ்வளவு ஏறும் என்று மூன்று முறை கேட்டார்.
மூன்று முறையும் "பின்னர் தெரிவிக்கப்படும்."
ஒருவர் கைபேசியில் பேசியபடி கையை உயர்த்தினார்.
எதற்கென்று தெரியவில்லை,
ஆதரவு என்று குறித்தேன்.
அம்பலம் மறுபடி எழுந்து
கலுங்கு, மடை என்று தொடங்கினார்.
ஒலிபெருக்கி கரகரத்தது.
பிறகு கேசரி.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி:
பெண்கள் பங்கேற்பு, எண்ணிக்கையில்.
டீ ஊற்றியவளையும் என்னையும் சேர்த்தால் நாலு.
"நூறு நாள் வேலை வருகைத்தாள் இருக்குமே,"
என்றார் அதிகாரி. "அதே தேதிதானே?"

இருந்தது. நாற்பத்து மூன்று பேர்.
அந்த நேரம் அவர்கள்
வற்றிய ஊருணிக்குள் இறங்கி
மண் சுமந்துகொண்டிருந்தார்கள்.
ஊர் மாநகராட்சியானால்
அந்த வேலை இல்லை.
வேலை போவதற்குச் சம்மதம்,
சாட்சி
வேலைக்கு வந்து வைத்த கைநாட்டு.

எழுதினேன்.
எண்ணாலும் எழுத்தாலும்
நான்தான் எழுதினேன்.

சாயங்காலம் பள்ளத்தை அளக்கப் போனேன்.
நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த சோலையம்மை
கேட்டாள்:
"மண்டபத்துல இன்னைக்கு காரு காரா நின்னுச்சே,
யாருக்கு நிச்சயம்?"
"நம்ம ஊருக்கு."
நாடாவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள்.
"பொண்ணக் கேட்டாகளா?"

இரவு கோப்பைத் திறந்தேன்.
ஏகமனதாக என்பதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை.
ஆனால் எல்லாக் குறிப்பிலும் கடைசியில்
'இதர பொருள்கள்' என்றொரு தலைப்பு உண்டு.
வழக்கமாக அதற்குக் கீழே
ஒரு கோடு இழுத்து விடுவோம்.
கோடு இழுக்கவில்லை.
பொருள் எண் பன்னிரண்டு:
கூட்டத்துக்கு அழைக்கப்படாத சோலையம்மை,
வேலை அட்டைதாரர், எழுப்பிய வினா.
அவள் சொன்ன இரண்டு சொல்லையும்
அவள் சொன்னபடியே.
பதில்: நிலுவையில்.

காலையில் அதிகாரி
பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் வைத்தார்.
படிக்கவில்லை.
ஏழு நகல், ஏழு அலுவலகம்.
எங்காவது ஒரு மேசையில்
யாராவது கடைசிப் பக்கம் வரை போகலாம்.
போகாமலும் இருக்கலாம்.

நாற்பத்து மூன்று
மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.
அதை நான் திருத்தவில்லை.