ஒரே பெயரில் இரண்டு

மும்பையில் ஒரு வெப்-01.
சிங்கப்பூரில் ஒரு வெப்-01.
என் இம்போர்ட் இரண்டையும் பார்த்து
ஒரே ஆள் என்று முடிவுகட்டி
ஒரு வரியாக எழுதிவிட்டது.

கிளவுட் கொடுத்தது நானூற்றுப் பன்னிரண்டு.
பக்கம் பக்கமாகத்தான் தரும்,
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
அடுத்த பக்கத்துக்கு ஒரு டோக்கன்.
அவசரப்பட்டுக் கேட்டால்
429 என்று கையைக் காட்டி நிறுத்தும்.
பொறுத்து, கேட்டு, பொறுத்து, வாங்கி,
கொண்டுவந்து கொட்டினேன்.
டேட்டாபேஸில் ஏறியது முந்நூற்று எழுபத்தொன்று.

காலை மீட்டிங்கில் சஜின் சொன்னான்:
“டூப்ளிகேட் எல்லாம் போயிடுச்சு போல. நீட்டா இருக்கு.”

நீட்டாகத்தான் இருந்தது.
செட்டிகுளத்தில் மூன்றாம் மாடி,
கீழே தக்கலை பஸ்ஸின் ஹாரன்,
பச்சை டிக் போட்ட ரிப்போர்ட்.
நாற்பத்தொரு மெஷின்கள்
ஓடிக்கொண்டே இல்லாமல் போயிருந்தன.
இனி அவற்றுக்குப் பேட்ச் போகாது,
நின்றாலும் யாருடைய போனும் அடிக்காது.
பில் மட்டும் வரும்.


பதினேழு வயதில் நான் எழுதிய பட்டியலும்
நீட்டாக இருந்தது.
கோயிலில் கிறிஸ்மஸ் ஸ்டாருக்குக் கம்பு நட்டிருந்த வாரம்,
காற்று நின்று மூன்றாம் நாள்.
கையெழுத்து நல்லதென்று
பங்குச்சாமியார் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.
கரை திரும்பாதவர்கள்:
எண், பெயர், வயது, வள்ளம்.
தகப்பன் பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும்தான்.
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்,
தாளில் இடம் போதவில்லை.

எங்கள் துறையில் கல்லெறிந்தால்
ஏதாவது ஒரு சேசடிமைமேல்தான் விழும்.
வளைவுவீட்டுச் சேசடிமை, கோலிச் சேசடிமை,
துபாய் போய்த் திரும்பிவந்த சேசடிமை.
எந்தச் சேசடிமை என்று
நாய்க்குட்டிக்கும் தெரியும்.
தெரிந்ததை எதற்கு எழுதுவது?

தாள் குழித்துறைக்குப் போயிற்று,
அங்கிருந்து நாகர்கோவில்.
அங்கே யாரோ ஒருவர்,
என்னைப்போலவே தூக்கம் கெட்டவராக இருக்கும்,
பதினொன்றாம் வரியையும் முப்பத்திரண்டாம் வரியையும்
ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.
பெயர் ஒன்று. வயது இருவருக்கும் நாற்பத்தாறு.
போனதும் ஒரே வள்ளம்.
ஸ்கேல் வைத்து, கோணாமல், ஒன்றை அடித்தார்.

பதினான்கு மாதம் ஆயிற்று பிலோமிக்கு,
கடலுக்குள் இருப்பது
இரண்டு பேர் என்று நிரூபிக்க.


பெயரைச் சாவியாக வைக்காதே.
ஐபியையும் வைக்காதே, அது வாடகை வீடு,
நேற்று ஒருவர், இன்று வேறொருவர்.
அக்கவுண்ட், ரீஜியன்,
பிறக்கும்போதே ஒட்டிவரும் ஐடி,
மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு ஆள்.
விதியைத் திருத்தி மறுபடி ஓட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
“கூடிடுச்சே” என்றான் சஜின்.

ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது பிலோமி கேட்டாள்:
“மக்ளே, கம்ப்யூட்டர்ல என்னதாக்கும் வேல?”
“எண்ணுறதாக்கும் மாமி.”
“அதுக்கா சம்பளம்!”
முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள்.
அந்தப் பட்டியல் யார் கையெழுத்தென்று
அவளுக்குத் தெரியாது.
தெரிந்திருக்கவும் கூடும்.


இன்றிரவு நானூற்றுப் பதினொன்று.
ஒன்று வரவில்லை.
நெட் தடுமாறியிருக்கலாம்.
யாராவது அணைத்திருக்கலாம்.
தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் காணாவிட்டால்
ஓய்வு என்று குறித்துவிடும்,
எனக்கு முன்பிருந்தவர் போட்டுவைத்த செட்டிங்.

மூன்றை அழித்தேன்.
காலிக் கட்டத்தில் கர்சர் மின்னுகிறது.
ஏதாவது ஒரு எண் போடாமல்
சேமிக்க விடமாட்டேன் என்கிறது.