டோர்ச்சுக்கு இரண்டு பெட்டரி

கெய்சர் வீதியில் ஃபர்ஸான் நானாவின் கடை
ஒரு கதவின் அகலம்தான்.
கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டையும் வைத்தார்.
இந்தப் பக்கம் ஒரு சோடி, இருநூற்று எண்பது.
அந்தப் பக்கம் சார்ஜரோடு நாலு, ஐயாயிரத்து நானூறு.
"ஆயிரம் தரம் ஏத்தலாம் மிஸ்,
நீங்க பென்ஷன் போயிடுவீங்க, இது போகாது."

என் வேலை நுளம்புக் குடம்பி தேடுவது.
மாநகர சபை தந்தது
ஒரு டோர்ச், ஓர் அகப்பை, ஒரு தொப்பி.
பெட்டரியை நாமே வாங்கிச் சிட்டை வைக்க வேண்டும்.
தீர்ந்துபோகிறதற்குச் சிட்டை போதும்.
தீராதது சொத்து வகையாம்:
மூன்று கடையில் விலை கேட்டு
மூன்று பேரிடம் கையெழுத்து.

வாரம் ஒரு சோடி கணக்கில்
இருபதாம் வாரம் தொடங்கி லாபம் என்று
பஸ் கம்பியைப் பிடித்தபடி பிரித்துப் பார்த்திருந்தேன்.
ஆனால் மச்சாடோ அக்கா
அறை வாடகையோடு கரண்டையும் எண்ணுகிறவர்.
அயன் பெட்டிக்கு ஒரு முகம், கேத்தலுக்கு ஒரு முகம்.
இரவெல்லாம் விழித்திருக்கும் சார்ஜரின் பச்சைக் கண்ணுக்கு
எந்த முகம் வைப்பாரோ.

போன மாதம் ஜம்பட்டா வீதியில்
ஏணி வைத்து ஒரு பீலிக்குள் வெளிச்சம் அடித்தேன்.
மாவிலை, சோடா மூடி,
நடுவே ஏழெட்டுப் பெட்டரி
வயிறு வெடித்து, வெள்ளை உப்புப் பூத்து.
பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய வருஷத்தில்
மேல்மாடி ஜன்னலால் யாரோ
ஓர் இருட்டுக்கு ஒன்றாக எறிந்திருக்க வேண்டும்.
அந்தத் தண்ணீரில் ஒரு குடம்பி இல்லை.
படிவத்தில் 'இல்லை' என்று கோடு போட்டேன்.
இறங்கிய பிறகும்
அந்த இல்லை எனக்குப் பிடிக்கவில்லை.

நிரோஷினியிடம் இருப்பது ஏத்துகிற சாதி.
ஒரு மாடிவீட்டின் நிலத்தடித் தாங்கிக்குள்
இரண்டு பேரும் தலையை விட்டிருந்தோம்.
வெளிச்சம் முழுசாக இருந்தது,
முழுசாகவே இருந்தது,
பிறகு இல்லை.
ஒரு மங்கல், ஓர் இருமல் கிடையாது.
இருட்டில் அவள் சிங்களத்தில் திட்டியது
தாங்கிக்குள் இரண்டு தரம் கேட்டது.

என் மலிவுச் சோடி அப்படி இல்லை.
வெள்ளை மஞ்சளாகும்,
மஞ்சள் சாயம் குறைந்த தேத்தண்ணி ஆகும்,
உள்ளங்கையில் தட்டினால் திடுக்கிட்டு எழும்பும்.
வாறேன் வாறேன் என்று செருப்பைப் போட்டபிறகும்
வாசலில் நின்று கதைக்கிற விருந்தாளி.
அதற்குள் எனக்கு ஏணியால் இறங்க நேரம் கிடைக்கும்.

இதையெல்லாம் நானாவிடம் எப்படிச் சொல்வது
என்று நிற்கையில்
வீதி முழுக்கக் கரண்ட் போனது.
"டோர்ச்ச தாங்க மிஸ்" என்று வாங்கி
என் பழைய சோடியைக் கழற்றி
விலை கூடின பெட்டியைத்தான் முதலில் கிழித்தார்.
அமுக்கினார். ஒன்றுமில்லை.
எத்தனை மாதம் அலுமாரியில் கிடந்ததோ.
"பசியோட வந்திருக்கு" என்றார்,
"ஊட்டுக்குப் போனாத்தான் சாப்பிடும்."
பிறகு மற்றதைக் கிழித்தார்.
சுவரில் ஒரு வட்டம் விழுந்தது,
கலண்டரில் செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

கிழித்தது கிழித்ததுதான், இரண்டும்.
அந்த இருநூற்று எண்பது ரூபாய் வெளிச்சத்தில்
ஐயாயிரத்து நானூறை எண்ணிக் கொடுத்தேன்,
இருநூற்று எண்பதையும்.
சிட்டையில் சின்னதை மட்டும் எழுதச் சொன்னேன்.
பெரியதை மச்சாடோ அக்காவோடு பேசிக்கொள்கிறேன்.

பழைய சோடி சட்டைப் பையில் உரசிக்கொண்டே வந்தது.
புறக்கோட்டையில் ஒரு குப்பைக் கூடை, நிரம்பியிருந்தது.
கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு வாய்க்கால், திறந்திருந்தது.
இரண்டு இடத்திலும் நின்றேன்.
இப்போது மேசையில் கிடக்கின்றன,
கூட்டலும் கழித்தலும்
ஒன்றின் தலையில் ஒன்று முட்டி.
பக்கத்தில் பச்சைக் கண்.
துணியொன்றை எடுத்து அதன்மேல் போட்டேன்,
கதவிடுக்கால் தெரியாமல்.