நாற்பத்தொரு நாள்

குமுளி பஸ் நிலையத்துக்கு எதிரே
ஏலக்காய்க் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில்
என் கம்ப்யூட்டரும் பிரிண்டரும்.
இந்தப் பக்கம் மலையாளம், நாற்பதடி நடந்தால் தமிழ்.
இரண்டிலும் மனு அடிப்பேன்.

மாடத்தி வந்தது மழை விட்டிராத ஒரு வெள்ளிக்கிழமை.
மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் உறை,
அதற்குள் தீர்ப்பாயத்தின் உத்தரவு:
தேயிலைக்கு மருந்தடித்த சங்கிலி
அந்த மருந்தால்தான் இறந்தான் என்பதற்கு
உரிய காலத்தில் சான்று தரப்படவில்லை.
தள்ளுபடி.

சான்று இப்போது இருக்கிறது.
தேனி ஆஸ்பத்திரி முத்திரையோடு, ஈரம் படாமல்.
நாற்பத்தொரு நாள் பிந்தி வந்த சான்று.

"மேல்முறையீட்டுக்குப் போகணும்னா
ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் வேணும்.
மொத்தமாச் சொன்னா எடுபடாதாம், வக்கீல் சொல்றார்.
மொத நாள்லேர்ந்து சொல்லுங்க."

அவள் சுண்டுவிரலை மடக்கினாள்.

மொத மூணு நாளும் ரெக்கார்டு ரூம் சாவிக்காரர்
மக வளைகாப்புன்னு போயிட்டார்.
அப்புறம் பேரு ஒத்து வரல.
எஸ்டேட்டுல செங்கிலி, ஆஸ்பத்திரியில சங்கிலிராஜ்.
ரெண்டும் ஒரே ஆளுதான்னு
வில்லேஜ் ஆபீஸ்ல எழுதி வாங்க எட்டு நாள்.
லோயர் கேம்புக்கு மேல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சது.
ரோடு தெறந்தா சாமி வண்டிக் கூட்டம்,
பஸ்ஸு நிக்கல.
அவங்களுக்கும் நாப்பத்தொரு நாள் கணக்குதான்,
எனக்கும் அதேதான் வந்து சேந்துச்சு.

நான் அடித்துக்கொண்டே போனேன்.
வளைகாப்பு 'நிர்வாகக் காரணங்கள்' ஆனது.
மண் சரிவு 'மனுதாரரின் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்டது'.
கூலியை விட முடியாமல் கொழுந்து கிள்ளிய ஏழு நாள்
'பொருளாதார நெருக்கடி'.

இருபத்தேழாம் நாளில் நின்றுவிட்டாள்.

"அன்னிக்கு மழையா?"
வெயில் அடிச்சுது.
"லீவு கெடைக்கலையா?"
லீவு இருந்துச்சு. பஸ் இருந்துச்சு.
கையில எரநூறு ரூவாயும் இருந்துச்சு.
அவரு மழக்கோட்டு தோள்ல கிழிஞ்சு கெடந்துச்சு.
அதத் தச்சுக்கிட்டு லயத்து வாசல்ல உக்காந்திருந்தேன்.
நிமிந்து பாத்தா பொழுது எறங்கிட்டு.

கொஞ்சம் யோசித்து,
"காய்ச்சல்னு போட்டுரட்டுமா" என்றேன்.
"ஒரு நாள்தானே, யார் கேக்கப் போறா."

"காய்ச்சலுக்குச் சீட்டு கேப்பாங்க தம்பி.
அதுக்கு எத்தன நாள் அலையறது?"

கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
இருபது வருஷமாக மனுக்களுக்கென்றே
சேர்த்து வைத்திருக்கும் சொற்களில்
ஒன்றுகூட அந்தத் தையலுக்கு ஒட்டவில்லை.
கடைசியில் அடித்தேன்:
'27ஆம் நாள் மனுதாரர்
தம் கணவரின் மழைக்கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தார்.'

வக்கீல் பார்த்ததும் கோடு போட்டுவிடுவார்.
போடட்டும்.

"இன்னும் பதினாலு நாள் இருக்கே" என்றேன்.
எதிர்க்கடையில் ஏலக்காய் சலிக்கத் தொடங்கியிருந்தார்கள்.
சத்தத்தில் காது கேட்கவில்லை என்று
பெஞ்சை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு
மறுபடி சுண்டுவிரலை மடக்கினாள்.