ஒரிஜினல் மாதிரி

காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
தலைகீழாய் விரித்த குடைக்குள்
சுருண்டு கிடந்தன சார்ஜர்கள்.
"ஒரிஜினலா?" என்றேன்.
"ஒரிஜினல் மாதிரி" என்றான்
பொய் சொல்லத் தெரியாத பையன்.
நூற்றி முப்பது சொல்லி நூறுக்குக் கொடுத்தான்.
கம்பெனி பெயரில் ஓர் எழுத்து அதிகம்.
கையில் எடுத்தால் கனமே இல்லை,
உள்ளே எதையோ வைக்க மறந்துவிட்டதுபோல.

ஆபீஸ் கொடுத்த சார்ஜர்
இடி இறங்கிய ஒரு ராத்திரியில் போனது.
"புதுசு வரும்" என்றார் எஸ்தர் மேடம்.
வரும்.
கடையில் அது ஆயிரத்து எழுநூறு.
எனக்குத் தருவதைச் சம்பளம் என்று சொல்வதில்லை அவர்கள்,
ஊக்கத்தொகை. நாலாயிரத்து ஐநூறு.

பேரணாம்பட்டில் எனக்கு மூன்று தெரு,
இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து,
மாத்திரை கொடுத்து, திரையில் ஏற்ற வேண்டும்.
"டேப்லட் எடுத்துட்டு வந்தியா?" என்பார்கள்.
எந்த டேப்லட் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.
இரண்டும் ஒரே பையில்தான்,
இரண்டும் பாதித் தெருவில் தீர்ந்துபோகும்.

அதனால் பகலில் நோட்டு.
ராத்திரி சார்ஜ் போட்டபடியே ஏற்றுகிறேன்.
செருகிய நிமிஷம் திரைக்குப் பித்துப் பிடிக்கிறது.
நான் தொடாத இடத்தை யாரோ தொடுகிறார்கள்.
பக்கம் தானாக ஓடுகிறது.
ஃபரீதா பானுவுக்கு நூற்றி நாற்பது என்று அடித்தால்
நாலுகள் வரிசை கட்டி நின்று
பதினான்கு லட்சத்தைத் தாண்டுகிறது அவர் ரத்தக் கொதிப்பு.
அதோடுதான் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாராம்.
உலோக முதுகைத் தடவினால்
எறும்பு ஊர்வதுபோல் ஒரு கரண்ட்.
வலி இல்லை. பழகிவிடும்போல, அதுதான் பயம்.
"எர்த் கிடையாது அதுல" என்றார் வீட்டுக்காரர்.
ராணிப்பேட்டையில் வெல்டர்.
சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாற்பத்தொன்றாம் நம்பர், ரஹமத்துன்னிசா.
போன வியாழக்கிழமை மௌத்.
திரையில் இரண்டு கட்டம்:
பயனாளி உள்ளார்.
பயனாளி காலமானார்.
நான் கீழே இருப்பதை அழுத்துகிறேன்,
அது மேலே இருப்பதை எடுத்துக்கொள்கிறது.
மூன்று தரம்.
நாலாவது தரம், சத்தியமாக நான் தொடவே இல்லை,
அடுத்த பக்கம் போய்
அடுத்த மாத மாத்திரையை ஒதுக்கிவிட்டது.
முப்பது.

பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை நான்.
ஆனால் அந்தம்மா கையில் பட்டை கட்டும்போதெல்லாம்
"கம்மியாப் போட்டுக்கோ, மருமவளுக்குத் தெரிய வேணாம்" என்பார்.
உள்ளதைத்தான் போட்டேன் எப்போதும்.
இன்றைக்குத்தான் யாரோ அவர் பேச்சைக் கேட்கிறார்கள்.

பிளாஸ்டிக் வாடை.
காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை எடுத்துச்
சார்ஜருக்கு நேராகப் பிடித்தேன்.
எண் வரவில்லை. இங்கிலீஷில் இரண்டு எழுத்து:
ஹை.
ஹாய் என்றும் படிக்கலாம்.

பிடுங்கினேன்.
மேஸ்திரி வந்து நின்ற கொட்டகை மாதிரி
கப்சிப்பென்று ஆனது திரை.
நாலு சதவீதம்.
காலமானார் என்பதைத் தொட்டேன். ஏற்றது.
சேமிக்கப்படுகிறது என்று ஒரு வட்டம்
சுற்றியது,
சுற்றியது,
கறுத்தது.

காலையில் குரூப்பில் மேடம்:
ஒரிஜினல் சார்ஜர் மட்டுமே பயன்படுத்தவும்.
மீறினால் சேதத்துக்குப் பணியாளரே பொறுப்பு.
பதினாறு பேர் கும்பிட்டிருந்தார்கள் அதற்கு.
பதினேழாவதாக நான்.

பட்டியலில் நாற்பத்தொன்று அப்படியே இருக்கிறது.
இம்மாத இறப்பு: பூஜ்யம்.
ஒன்பதரை பஸ்ஸில், மடியில் பை,
பைக்குள் யாருக்கும் இல்லாத முப்பது மாத்திரை,
அடியில் சார்ஜர்,
ஆறிப்போய்,
ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி.