நாற்பது படகுகள்

விடியுமுன் நாற்பது படகுகள் செய்கிறேன்.
பதூமித் துறைமுகத்துப் பின்தெருவில்
ஒற்றை அடுப்பு, இரண்டு மேசை.
மாவை நீட்டி, ஓரம் சுருட்டி,
இரு முனையையும் கிள்ளிவிட்டால் படகு.
வயிறு முழுக்க உப்புச் சீஸ்.
வெந்து வரும்போது நடுவில் ஒரு மஞ்சள் கரு,
பக்கத்தில், கஞ்சத்தனம் பார்க்காமல்,
விரல் பருமனில் வெண்ணெய்.
கச்சாப்பூரி என்ற சொல் காதில் விழுந்தாலே
வயிறு நிரம்பியவர்களும்
நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்கள்.

ஜும்பேருக்கு இனி அதில் ஒரு முனைகூடக் கிடையாது.

மருத்துவர் மெதேயா படம் வரைந்து காட்டினார்:
இது இதயம். இது அதற்குப் போகும் குழாய்.
இது, பேனாவை அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கி,
நீங்கள் சாப்பிட்ட முப்பது வருடம்.
"முனை மட்டும்?" என்றார் இவர்.
"சீஸ் படாத முனை?"
மருத்துவர் பேனாவை மூடினார்.

(வியாழக்கிழமை அதே மெதேயா
எங்கள் கடையில் இரண்டு வாங்கிப்போனார்,
என் முகம் பார்க்காமல், வெண்ணெய் கூடுதலாக.
வீட்டில் நான் மூச்சு விடவில்லை.)

இப்போது அவர் தட்டில்
வேகவைத்த பீன்ஸ்; மேலே வால்நட், எண்ணி மூன்று.
பீட்ரூட் கீரை. உப்பு இருந்த இடத்தில் புளிப்புப் பிளம்.
கப்பல் சரக்கைக் கிரேனில் தூக்கிய மனிதர்
முள்கரண்டியில் ஒரு முள்ளங்கியைத் தூக்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்,
எந்தக் கப்பலில் ஏற்றுவதென்று
சீட்டு வராததுபோல.

தங்கை மகன் கல்யாண விருந்தில்
கோப்பை உயர்த்திப் பேசுகிறவர் அவர்தான்,
எந்த விருந்திலும் அவர்தான்.
இறந்தவர்களுக்காகப் பேசினார்,
பிறக்கப்போகிறவர்களுக்காகப் பேசினார்.
தட்டின்மேல் தட்டு அடுக்கிய மேசையில்
அவர் முன்னால் மட்டும் விரிப்பின் பூ தெரிந்தது.
கோப்பையில் மாதுளைச் சாறு.
ஒருவரும் கேலி செய்யவில்லை.
அதுதான் அவரைச் சுட்டது.

அதன்பிறகு ஒரு புதுப் பழக்கம்.
வேலை முடிந்து நான் வரும் நேரம்
கதவருகே நிற்பார். கோட்டை வாங்கிக்கொள்வார்.
என் தோளருகே முகம் கொண்டுவருவார்.
இருபத்தெட்டு வருடத்தில் இல்லாத பணிவிடை!
முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருந்தது;
உதட்டுச் சாயம்கூட வாங்கினேன்.
இரண்டாம் வாரம் புரிந்தது
அவர் முகர்வது என்னையல்ல,
என் தலைமுடியில் தங்கிய வெண்ணெயை.

கோபமா? இல்லாமலா?
ஐம்பத்திரண்டு வயதில் எனக்கொரு சக்களத்தி,
அதுவும் நான் கையால் உருட்டிப் போட்டவள்.

கோபம் ஆறியதும் பாவமாக இருந்தது.
பட்டினி கிடப்பவர் முன்னால்
விருந்துச் சட்டியை ஆட்டிக்கொண்டு நடப்பதா?
கடைக்குப் பின்னாலுள்ள குழாயில்,
பிப்ரவரித் தண்ணீரில், பாத்திர சோப்புப் போட்டு,
மண்டை விறைக்க அலசிவிட்டு வந்தேன்.
நான்கு நாள்.

ஐந்தாம் நாள் கோட்டை வாங்கியவர்
அதை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.
"இதையும் மெதேயாதான் நிறுத்தச் சொன்னாளா?"

இன்று தலைத்துணி கட்டாமல் வேலை செய்தேன்.
முதலாளியம்மா முறைத்தாள்.
கடைசித் தட்டு இறங்கிய பிறகும்
அடுப்பு வாயருகே சும்மா நின்றேன்.
பேருந்தில் பக்கத்துப் பையன்
இரண்டு முறை திரும்பிப் பார்த்து,
"எந்தக் கடை, அக்கா?" என்றான்.

அவர் பீன்ஸ் சாப்பிட உட்கார்ந்தபோது
நாற்காலியை நகர்த்தி ஒட்டி உட்கார்ந்தேன்.
ஒரு கரண்டி. என் பக்கம் சாய்ந்து ஒரு மூச்சு.
மறுபடி ஒரு கரண்டி.
கண்ணை மூடிக்கொண்டு,
சரக்கின் எடையைக் கயிற்றிலேயே அறிகிறவர்போல,
"ஒன்று தீய்ந்துவிட்டது இன்றைக்கு" என்றார்.

ஆமாம், பதினேழாவது.

தீய்ந்ததை என்ன செய்தாய் என்று
அவர் கேட்கவில்லை.